திறந்த சாலையில் சைக்கிள் பந்தயம்: வேலூர்ப் பக்கம் நடத்துகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கணியம்பாடி தாண்டி ஒரு கிளைச் சாலை வந்து சேரும் இடம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். காலேஜ் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவனை மஞ்சள் கொடியோடு அங்கே நிறுத்தியிருந்தோம். தூரத்தில் சைக்கிள்கள் தெரிந்ததும், கிளைச் சாலையிலிருந்து வந்த ஜல்லி டிப்பரை நிறுத்துவதற்காக அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தார் ரோட்டில் இறங்கிவிட்டான். டிப்பர் நின்றது. பம்பருக்கும் அவனுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவு இடம்கூட இல்லை. டிரைவர் திட்டப்போகிறார் என்று ஓடினேன். அவர் திட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "எவன் சாமி இந்தப் புள்ளைய இங்க நிக்க வச்சது?" என்று மட்டும் கேட்டார்.

நிற்க வைத்தது நான்தான். முந்தின நாள் கூட்டத்தில், "கிளை ரோட்டு வண்டி எதுவும் உள்ள வரக் கூடாது, நிறுத்திடுப்பா" என்று சொன்னதும் நான்தான். அவன் சொன்னதைச் செய்தான், அவ்வளவுதான்.

சாலையை மூடி நடத்தும் பந்தயம் வேறு. அங்கே போலீஸ் தடுப்பு வைத்திருக்கும், வண்டியே வராது. நம் பக்கம் நடப்பதெல்லாம் திறந்த சாலையில். டவுன் பஸ், பால் வண்டி, மாடு, கல்யாண வேன் எல்லாம் கூடவே வரும். இங்கே மார்ஷலின், அதாவது வழியில் கொடியோடு நிற்கும் நம் தன்னார்வலரின் வேலை வண்டியை நிறுத்துவது இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவரை எச்சரிப்பது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதை, நேரம், ஆள் எண்ணிக்கை எல்லாவற்றையும் வேறு விதமாகத் திட்டமிடுவீர்கள். அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1. எந்த மாதிரி நிகழ்ச்சி என்று முடிவு செய்யுங்கள்

எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி முதலில் வருகிறவர் ஜெயிக்கும் பந்தயம்தான் பார்க்க அழகு. திறந்த சாலையில் ஆபத்து அதிகமும் அதில்தான். கூட்டமாக ஓட்டும்போது முன் சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. ஒருவர் குழியைப் பார்த்து ஒதுங்கினால் நான்கு பேர் விழுவார்கள்.

அதற்கு மாற்று, நேரப் பந்தயம். ஒரு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பி, யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று பார்ப்பது. 1890களில் இங்கிலாந்தில் சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடுவதை அங்கிருந்த சைக்கிள் சங்கமே தடை செய்தபோது பிறந்த வழக்கம் இது. விடியற்காலையில், ஊர் எழுவதற்கு முன், ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். நூற்றிச் சொச்சம் வருஷம் கழித்து நம் ஊர் சாலைக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

மூன்றாவது வகை பிரெவே. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும்; இடம் கிடையாது, பரிசு கிடையாது, மார்ஷலும் கிடையாது. ஓட்டுகிறவர் சாலை விதியை மதித்துத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் முறை நடத்துகிறீர்கள் என்றால் நேரப் பந்தயம் வையுங்கள். இல்லை, கூட்டப் பந்தயம்தான் வேண்டும் என்றால் பதினைந்து இருபது பேராகப் பிரித்து, ஐந்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். நூறு பேரை ஒன்றாக அவிழ்த்துவிடாதீர்கள்.

2. பாதை: வலது திருப்பங்களை எண்ணுங்கள்

பாதை போடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது தூரம், மேடு, காட்சி. நான் முதலில் எண்ணுவது வலது திருப்பங்களை. நாம் சாலையில் இடது பக்கம் போகிறவர்கள். இடப் பக்கம் திரும்பினால் யார் பாதையையும் வெட்ட வேண்டாம். வலப் பக்கம் திரும்ப, எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே போக வேண்டும். பின்னால் வரும் பஸ்ஸுக்கும் வழி விட வேண்டும். இடது திருப்பத்துக்கு இரண்டு ஆள் போதும். வலது திருப்பத்துக்கு நான்கு ஆளும் ஒரு போலீஸ்காரரும் வேண்டும். நடு ரோட்டில் டிரம் வைத்து யூ டர்ன் அடிக்க வைப்பது எல்லாவற்றையும்விட மோசம். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஓர் உதாரணம். வேலூரிலிருந்து தெற்கே கிளம்பி, அடுக்கம்பாறை, கணியம்பாடி வழியாகக் கண்ணமங்கலம். அங்கே இடப் பக்கம் திரும்பினால் ஆரணி. ஆரணியில் மறுபடி இடப் பக்கம். திமிரி வழியாக ஆற்காடு. ஆற்காட்டில் இன்னொரு இடது, நேரே வேலூர். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் வட்டம், பெரிய திருப்பங்கள் எல்லாமே இடது. இதையே ஆற்காட்டிலிருந்து ஆரம்பித்து எதிர்த் திசையில் ஓட்டினால் எல்லாம் வலது. அதே சாலைதான், ஆபத்து மட்டும் பல மடங்கு.

ஆனால் இதிலும் இரண்டு சிக்கல் உண்டு. கண்ணமங்கலத்திலிருந்து ஆரணி வரை கிழக்கு நோக்கிப் போகும் சாலை. காலை ஏழு மணிக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும். ஓட்டுகிறவர் தலையைக் குனிந்துகொள்வார், அது அவர் பாடு. பின்னால் வருகிற லாரி டிரைவருக்கும் அதே வெயில்தான் கண்ணில் அடிக்கிறது, கண்ணாடியில் தூசி வேறு. அவருக்கு முன்னால் போகிற சைக்கிள் ஒரு நிழல் மாதிரிதான் தெரியும். அதனால் இந்தப் பாதையில் பகலிலும் மினுக்கும் சிவப்பு பின்விளக்கு கட்டாயம். விளக்கு இல்லாதவருக்கு நம்பர் அட்டை தராதீர்கள்; பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல் கடைசி இருபத்தைந்து கிலோமீட்டர். ஆற்காடு முதல் வேலூர் வரை சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை, எண் 48. கன்டெய்னர் லாரிகளும் ஆம்னி பஸ்களும் பறக்கிற ரோடு. சர்வீஸ் ரோடும் முதன்மைச் சாலையும் பிரிந்து சேரும் இடங்களில், இடப் பக்கம் நேராகப் போகிற சைக்கிளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கார் இறங்கும். எழுபது கிலோமீட்டர் ஓட்டிக் களைத்தவரை, ஜெயிக்கும் வெறியோடு அங்கே விடுவது சரியில்லை. என் யோசனை: பந்தயத்தை ஆற்காட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்பே முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் சைக்கிள்களை மினி லாரியில் ஏற்றி, ஆட்களை வேனில் கொண்டுவந்துவிடலாம். "வேலூர்க் கோட்டை முன்னால ஃபினிஷ் வச்சா போட்டோ நல்லா வருமே" என்று யாராவது சொல்வார்கள். பரிசளிப்பைக் கோட்டை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலகிரி ஆசை பலருக்கு உண்டு. பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஏறுவதற்கு அருமையான மலை. பந்தயத்தை ஏற்றத்தில் மட்டும் வையுங்கள். இறக்கத்தில் நேரம் குறிக்கக் கூடாது, முந்தக் கூடாது, முன்னால் ஒரு வண்டி மெதுவாக இறங்க அதன் பின்னால்தான் எல்லோரும் இறங்க வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் சுற்றுலா வேன் ஏறிவருவது இறங்குகிறவருக்குத் தெரியாது.

3. நாளும் நேரமும்

நாள்காட்டியை எடுங்கள். இங்கிலீஷ் காலண்டர் போதாது, தினசரி கிழிக்கிற தமிழ்க் காலண்டர் வேண்டும்.

பௌர்ணமியைத் தவிருங்கள். திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் பஸ்ஸும் வேனும் வேலூர்-திருவண்ணாமலை சாலையை நிறைத்துவிடும். மறுநாள் காலையில் ராத்திரி முழுக்கத் தூங்காத டிரைவர்கள் திரும்பி வருவார்கள். இரண்டாவது கூட்டம் முதலாவதைவிட ஆபத்து. முகூர்த்த நாளும் வேண்டாம்; மண்டப வாசலில் பாதி ரோடு போய்விடும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, வள்ளிமலைப் பக்கம் காவடி வரும். பொங்கல் முடிந்து மார்ச் வரை கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். எந்த ஊரில் என்றைக்கு என்று அந்தந்த ஊரில் விசாரியுங்கள். விழா இருக்கும் ஊருக்கு விடியற்காலையிலேயே மினி லாரியில் காளைகள் வர ஆரம்பித்துவிடும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் என்றால் வேலை நாளே வேண்டாம். ஷூ கம்பெனி வேன்கள் ஷிப்ட் நேரத்துக்குப் பறக்கும். ஞாயிறு பரவாயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு: கறிக்கடை. ஊர் நுழைவில் கடை இருக்கும், அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து பைக் பாதி ரோட்டில் நிற்கும், கையில் பையோடு ஆட்கள் எந்தப் பக்கமும் பார்க்காமல் கடப்பார்கள். பாதை பார்க்கப் போவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை போனால் இது கண்ணில் படாது.

கிளம்பும் நேரம்: ஜனவரியில் நம் பக்கம் சூரியன் ஆறரைக்கு மேல்தான் வரும். ஐந்தரைக்குக் கிளம்பினால் முக்கால் மணி நேரம் இருட்டு. ஆறே காலுக்கு முன் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் நடத்தவே வேண்டாம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் என்ன சொல்வது.

4. அனுமதி

பழைய வட ஆற்காடு மாவட்டமாக இருந்திருந்தால் ஒரே இடத்தில் வேலை முடிந்திருக்கும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மேலே சொன்ன வட்டத்தை எடுத்துக்கொண்டால் வேலூரில் கிளம்பி, கண்ணமங்கலத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் போய், திமிரிப் பக்கம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் நுழைகிறோம். மூன்று எஸ்.பி. அலுவலகத்துக்கும் தனித் தனி மனு. பாதையில் வரும் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் நேரில் போய் ஒரு நகல். இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். சித்தூர்ப் பக்கம் பாதை போனால் ஆந்திரா போலீஸும் சேரும், அந்தத் தலைவலி முதல் வருஷம் வேண்டாம். அமிர்தி, ஜவ்வாது மலை அடிவாரம் என்றால் வனத்துறையிடமும் கேளுங்கள்.

மனுவில் "பாதுகாப்பு தரும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எந்தச் சந்திப்பில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை போலீஸ்காரர் என்று அட்டவணை போட்டுக் கொடுங்கள். சாலையில் ஒரு வண்டியை நில் என்று சொல்லும் அதிகாரம் சீருடையில் இருக்கும் போலீஸ்காரருக்குத்தான். உங்கள் தன்னார்வலர் எவ்வளவு பளபளப்பான ஜாக்கெட் போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வழிப்போக்கர். பிரிட்டனில் பயிற்சி கொடுத்து, சைக்கிள் பந்தயத்துக்காக வண்டியை நிறுத்தும் அதிகாரமும் கொடுக்கப்பட்ட மார்ஷல்கள் இருக்கிறார்கள். இணையத்தில் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் அதே மாதிரி கையை நீட்டப் பார்க்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே அதை உடைத்துவிடுங்கள்.

5. பாதையை மூன்று முறை பாருங்கள்

ஒரு முறை காரில், ஒரு முறை சைக்கிளில், கடைசியாக முந்தின நாள் பைக்கில். சைக்கிளில் போகும்போதுதான் வெள்ளைக்கோடு அழிந்த ஸ்பீட் பிரேக்கர் இடுப்பில் தெரியும். ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, முந்தின நாள் சுண்ணாம்பில் கோடு போடுங்கள். காட்பாடி-விழுப்புரம் ரயில் பாதை வேலூர்-போளூர் சாலையின் பக்கமாகவே வருகிறது; உங்கள் பாதை எங்காவது கேட்டைக் கடந்தால் அந்த நேரத்து ரயிலைப் பாருங்கள். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் மாட்டும், நேராகக் கடக்கச் சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து போகிறவர் அந்த இடத்திலேயே பந்தயத்திலிருந்து வெளியே. இதில் சலுகையே கிடையாது.

டிப்பர்கள் திரும்பும் முனைகளில் எம்சாண்ட் கொட்டிக் கிடக்கும். ஈரத் தாரைவிட அது மோசம். முந்தின நாள் வண்டியில் இரண்டு துடைப்பம் போட்டுக்கொண்டு போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நாங்கள் வாங்கிய பொருள்களிலேயே அதிக பலன் கொடுத்தது அந்த இரண்டு துடைப்பம்தான்.

அப்புறம் அறுவடை. தை, மாசியில் நெல்லையும் வைக்கோலையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். கொள்ளும் கேழ்வரகும்கூட வரும், போகிற வண்டியே கதிரடித்துக் கொடுக்கும். வைக்கோல் கியரில் சுற்றிக்கொள்ளும், தானியம் உருளை மாதிரி சக்கரத்தை வாரும். இதை அதிகாரிகளிடம் சொல்லித் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒரு முறை மூன்று நாள் முன்பே போய், களத்து ஓரம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டோம். "ஐயா, ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிள் பந்தயம் வருது. அன்னிக்கு மட்டும் எட்டரை வரைக்கும் இதைக் கொஞ்சம்..." முடிப்பதற்குள் அவர், "பசங்க வழுக்கி உழுந்துடப் போறாங்கன்றியா? ஒன்பது மணிக்கு மேலதாம்பா வெயிலே உறைக்கும். அதுக்கு முன்னால நான் ஏன் கொட்டப் போறேன்?" என்றார். எட்டரைக்கு மேல் வருகிறவர்களுக்குப் பாதி ரோட்டை விட்டுத்தருவதாகவும் சொன்னார். அன்றைக்கு அந்த இடத்தில் கொடியோடு நின்றதே அவர் பேரன்தான்.

நாய்களுக்கும் இதே வழி. தெரு நாய்க்குத் தெருக்காரர் குரல் போதும்; வெளியூர் ஆள் குச்சியைத் தூக்கினால் இன்னும் இரண்டு நாய் வரும்.

6. மார்ஷல் எங்கே, எப்படி நிற்க வேண்டும்

தார் ரோட்டுக்கு வெளியே. இதுதான் முதல் விதி. எப்போதும் முகம் வண்டி வரும் திசையில். ரோட்டுக்கு முதுகு காட்டி போன் பார்க்கிறவரை அனுப்பிவிடுங்கள். சறுக்கி வருகிற சைக்கிளோ தடம் மாறுகிற வண்டியோ தன்னை நோக்கி வந்தால் எந்தப் பக்கம் குதிப்பது என்று நின்ற உடனேயே பார்த்து வைக்க வேண்டும். பின்னால் கிணறோ கால்வாயோ இருந்தால் அது நிற்கும் இடமே இல்லை. திருப்பத்தின் வெளிப் பக்கமும் வேண்டாம், விழுகிறவர்கள் சறுக்கிப் போவது அந்தப் பக்கம்தான்.

இடது திருப்பத்துக்கு இரண்டு பேர் என்றேன். ஒருவர் திருப்பத்துக்கு நூறு மீட்டர் முன்னால், மஞ்சள் கொடியும் விசிலும் வைத்துக்கொண்டு. நூறு மீட்டர் எதற்கு என்று கேட்பார்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஒரு நொடிக்கு பதினோரு மீட்டர் போகிறது. நூறு மீட்டர் என்பது ஒன்பது நொடி. பார்த்து, புரிந்து, பின்னால் வருகிறவருக்குக் கத்திச் சொல்லி, பிரேக் பிடிக்க அது தேவை. முனையிலேயே கொடி ஆட்டினால் அது வழியனுப்பு விழா. இரண்டாம் ஆள் முனையில், எதிரும் கிளையும் தெரியும் இடத்தில். வண்டி எதுவும் இல்லை என்றால் கையை நீட்டித் திசை காட்டுவார். வண்டி வந்துகொண்டிருந்தால் நூறு மீட்டர் முன்னால் நிற்கும் மார்ஷலுக்குச் சிவப்புக் கொடி காட்டுவார்.

கொடிக்கும் விசிலுக்கும் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும், அதை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். நாங்கள் வைத்திருப்பது: மஞ்சள் கொடி ஆடினால் வேகத்தைக் குறை, முன்னால் ஏதோ இருக்கிறது. இது உலக அளவில் சைக்கிள் பந்தயங்களில் உள்ள வழக்கம்தான். சிவப்பு என்றால் நில், காலை ஊன்று. குட்டி விசில் இரண்டு தடவை: சைக்கிள் வருகிறது, ரோட்டோரம் இருப்பவர்கள் கவனம். நிறுத்தாமல் நீளமாக ஊதினால் ஆபத்து. பச்சைக் கொடி வேண்டவே வேண்டாம். "பாதுகாப்பு, வா" என்று உறுதி கொடுக்கும் இடத்தில் நம் ஆள் இல்லை; சந்திப்பைப் பார்த்துக் கடக்கும் பொறுப்பு ஓட்டுகிறவருடையது.

சரி, கிளைச் சாலையில் டிப்பர் வருகிறது, சைக்கிள்களும் வருகின்றன. அந்தப் பையன் என்ன செய்திருக்க வேண்டும்? ஓரத்தில் நின்றபடியே டிரைவரின் கண்ணைப் பார்த்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து, "அண்ணா, ஒரு நிமிஷம், சைக்கிள் பசங்க வராங்க" என்று கேட்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் நின்றுவிடுவார்கள், அதிலும் லாரி டிரைவர்கள். நின்றால் போகும்போது ஒரு கும்பிடு. நிற்கவில்லையா, சண்டை வேண்டாம். திரும்பி, சிவப்புக் கொடி, நீள விசில். சைக்கிள்கள் நிற்கட்டும். யாராவது பத்து நொடி இழந்தால் இழக்கட்டும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் திருப்பத்தில் நிறுத்தாதீர்கள். அந்தப் பேரன்கூடத் தாத்தா பக்கத்தில் இருக்க, நேர் ரோட்டில், வீட்டு வாசலில்தான் நின்றான்.

7. எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்போது போகலாம்

மார்ஷல் ஏமாறுவது இங்கேதான். ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள் எப்போது வருவார், கடைசி ஆள் எப்போது கடப்பார் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுங்கள். முதல் ஆள் முப்பத்திரண்டு வேகம், கடைசி ஆள் பதினெட்டு என்று வைத்துக்கொண்டால், 6.15க்குக் கிளம்பி அறுபதாவது கிலோமீட்டருக்கு முதல் ஆள் 8.07க்கு வருவார், கடைசி ஆள் 9.35க்கு. இடையில் ஒன்றரை மணி நேரம். குழுவாகப் பிரித்து அனுப்பினால் அந்த இடைவெளியையும் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பேர் போனதும் "முடிஞ்சிடுச்சு போல" என்று டீக்கடைக்குப் போய்விடுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. டீயையும் இட்லியையும் நாமே நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தொப்பி, தண்ணீர், எழுதிய சீட்டு, இரண்டு போன் நம்பர். மலை அடிவாரத்தில் சிக்னல் போய்விடும், அங்கே சேதி சொல்ல ஒரு பைக் வையுங்கள்.

8. முன் வண்டி, கடைசி வண்டி

முன் வண்டி கூட்டத்துக்கு முந்நூறு நானூறு மீட்டர் முன்னால் ஹெட்லைட் போட்டுக்கொண்டு போகும் பைக். அதற்கு மேல் போனால் பயனில்லை, ஒட்டிப் போனால் புகை. கடைசி வண்டி ஒரு வேன், பின்னால் "முன்னே சைக்கிள் பந்தயம், மெதுவாகச் செல்லவும்" என்று தமிழில் பெரிய பலகை, மினுக்கும் விளக்கு. கடைசி வண்டி ஒருவரைத் தாண்டிப் போய்விட்டால் அவருக்குப் பந்தயம் முடிந்தது: வேனில் ஏறலாம், அல்லது நம்பர் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு சாதாரணமாக ஓட்டி வரலாம்.

9. ஓட்டுகிறவர்களிடம் சொல்ல வேண்டியவை

கிளம்பும் இடத்தில் மைக்கில் சொல்வது யார் காதிலும் ஏறாது. முந்தின நாள் நம்பர் அட்டை கொடுக்கும்போது சொல்லுங்கள், கையெழுத்து வாங்குங்கள். ஹெல்மெட்டின் பட்டை தாடைக்குக் கீழ் இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கம். காதில் இயர்போன் கூடாது. இரண்டு பிரேக்கும் வேலை செய்ய வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்தால் பின் சக்கரம் தூக்க வேண்டும். ஹேண்டில் நுனியில் மூடி இருக்க வேண்டும், இல்லாத குழாய் வயிற்றைக் குத்தும். நடுக் கோட்டைத் தாண்டினால் வெளியே, காரணம் கேட்க மாட்டோம்.

ஒற்றை வரிசையா, இரட்டை வரிசையா என்று எப்போதும் சண்டை வரும். கணக்குப் பார்ப்போம். இருபது பேர் ஒற்றை வரிசையில் போனால் வரிசை நூறு மீட்டர். முப்பதில் போகும் அவர்களை ஐம்பதில் போகும் பஸ் முந்த பதினெட்டு நொடி ஆகும். அதற்குள் பஸ் கால் கிலோமீட்டர் எதிர்ப் பாதையில் ஓடியிருக்கும். எதிரே இன்னொரு பஸ் அதே வேகத்தில் வந்தால் அரை கிலோமீட்டர் வெறும் ரோடு வேண்டும். வளைவும் மேடும் உள்ள கண்ணமங்கலம் சாலையில் அது எங்கே கிடைக்கும்? நெருக்கமாக இரண்டு இரண்டு பேராகப் போனால் ஒன்பது நொடி, நூற்றிருபத்தைந்து மீட்டர். ஆகவே அகலமான ரோட்டில் சிறு குழு, இரட்டை வரிசை. குறுகலான கிராமத்து ரோட்டில் ஒற்றை வரிசை, ஆனால் ஐந்து ஐந்து பேராக இடைவெளி விட்டு, பஸ் நடுவில் ஒதுங்க இடம் கொடுத்து. மூன்று பேர் கைகோத்த மாதிரி போவது எந்த ரோட்டிலும் கிடையாது.

10. யாராவது விழுந்தால்

நம் ஊரில் ஒருவர் விழுந்தால் முதலில் வருவது அன்பு; அதுதான் ஆபத்தும். நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்து, "சோடா எடுத்துனு வா" என்பார்கள். வேண்டாம். கழுத்து வலிக்கிறது என்றாலோ, நினைவு தப்பியிருந்தாலோ, கை கால் மரத்திருந்தாலோ அசைக்கக் கூடாது. ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், மூச்சு அடைத்தால் மட்டும், இருவர் சேர்ந்து தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொண்டு. வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். முதல் வேலை ஓர் ஆள் நூறு மீட்டர் பின்னால் ஓடிச் சிவப்புக் கொடி பிடிப்பது, அடுத்து வருகிற பத்துப் பேர் அவர் மேல் விழாமல் இருக்க. இரண்டாவது 108. ஊர்ப் பெயரும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணும் சொல்லுங்கள். எல்லா மார்ஷல் சீட்டிலும் அவர் நிற்கும் இடத்தின் இந்த விவரம் அச்சிட்டிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் என்றால் 1033ம் உண்டு.

எந்த மருத்துவமனை என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். தெற்குப் பாதியில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பாதையிலேயே இருக்கிறது. ஆற்காட்டுப் பக்கம் என்றால் ரத்தினகிரி அருகே சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் தமிழக அரசின் திட்டம் 2021 முதல் இருக்கிறது. உதவி செய்தால் கேஸ் வரும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்லுங்கள்: 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு உதவுகிறவரைக் காப்பதற்கென்றே இருக்கிறது.

தலை அடிபட்டு எழுந்து "நான் ஓகே, ஓட்டறேன்" என்பவரை ஏற விடாதீர்கள். ஒன்றுமில்லாத மாதிரி பேசிவிட்டு அரை மணி கழித்து வாந்தி எடுக்கிறவர்கள் உண்டு. வெயிலில் மயங்கியவர் குழறிப் பேசினாலோ, உடம்பு கொதித்தாலோ நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். அந்த நிலை வராமல் இருக்க இருபது கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் தண்ணீரும், ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்த கரைசலும் வையுங்கள். உப்புப் போட்ட மோரும் நன்றாகவே போகும். தண்ணீர்ப் பந்தல் இடப் பக்கம், ரோட்டை விட்டு இறங்கி நிற்க இடமுள்ள மண் தரையில் இருக்கட்டும்.

11. எண்ணி முடிப்பது

கிளம்பியவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, வேனில் வந்தவர் எத்தனை, பாதியில் சொல்லாமல் வீட்டுக்குப் போனவர் எத்தனை. இந்தக் கணக்கு சரியாக வரும் வரை பரிசளிப்பைத் தொடங்காதீர்கள். சொல்லாமல் போகிறவர்தான் நம்மை அழ வைப்பார். அவர் வீட்டில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருப்பார், நாம் ஏரிக்கரையெல்லாம் தேடிக்கொண்டிருப்போம். நம்பர் அட்டையின் பின்னால் "நிறுத்தினால் இந்த எண்ணுக்குச் சொல்லவும்" என்று அச்சிடுங்கள்.

சைக்கிள்காரர்களை எண்ணிய பிறகு மார்ஷல்களை எண்ணுங்கள். கடைசி வண்டி கடக்கும்போது ஒவ்வொருவரிடமும் நிறுத்தி, கொடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "முடிஞ்சுதுப்பா, கிளம்பு" என்று வாயால் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டோம் என்று இருந்துவிட்ட ஒரு வருஷம், பரிசெல்லாம் கொடுத்து முடித்து, பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆரணி தாண்டி ஒரு முனையில் நின்றிருந்த தம்பி. மணி பதினொன்றே கால்.

"அண்ணா, இன்னும் எத்தனை பேர் வரணும்?"